41,000 கிலோமீட்டரிலேயே இன்ஜினுக்குள் இவ்வளவு கசடு! எங்கே தவறியது?

எஜிபுரா வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 2016 மாடல் 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக் இருக்கிறது. புதிதாக வாங்கியது, வேறு கை மாறவில்லை. மீட்டரில் 41,000 தான் ஓடியிருக்கிறது.

போன வியாழக்கிழமை சாயங்காலம் பெங்களூர் சோனி வேர்ல்டு சிக்னலில் நிற்கும்போது எண்ணெய்க் கிண்டி படம் போட்ட சிவப்பு விளக்கு மின்னியது. ஆக்சிலரேட்டரைத் தொட்டால் அணைந்தது, காலை எடுத்தால் மறுபடி மின்னியது. ஆயில் குறைந்திருக்கும் என்று நினைத்து வீட்டுக்கு வந்து டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். அளவு மேல் கோட்டையும் தாண்டி இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் தெரிந்த மெக்கானிக் வந்து இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரைக் கழற்றினார். உள்ளே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டைச் சுற்றி மூலை முடுக்கெல்லாம் கருப்பாக அப்பிக் கிடந்தது. அடிப்பிடித்த கேழ்வரகுக் களியைச் சுரண்டுவது போல ஸ்க்ரூடிரைவரில் கட்டி கட்டியாக வந்தது. கவரின் உள்பக்கத்தில் உலோகமே கண்ணுக்குத் தெரியவில்லை.

தினமும் எஜிபுராவிலிருந்து கிளம்பி, விவேக்நகரில் மகளைப் பள்ளியில் விட்டு, கோரமங்களா அலுவலகம் போவேன். மொத்தம் ஐந்து கிலோமீட்டர்கூட வராது. வருடத்துக்கு 4,500 ஓடினால் அதிகம். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றி வந்தேன். ஓடாத வண்டிக்கு ஆயில் எதற்கு என்பதுதான் என் எண்ணம்.

இப்போது மூன்று பேர் மூன்று வழி சொல்கிறார்கள். ஃப்ளஷ் ஊற்றிக் கழுவினால் போதும் என்கிறார் ஒருவர். இன்ஜினை இறக்கவேண்டும், 45,000 ஆகும் என்கிறார் இன்னொருவர். கெட்டியான ஆயிலை ஊற்றி விற்றுவிடு என்கிறார் மூன்றாமவர். மகள் பிறந்து மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தது இந்த வண்டியில்தான். விற்க மனமில்லை. பழுதை மறைத்து இன்னொருவர் தலையில் கட்டவும் எனக்கு ஒப்பவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ஓசூர் டீசல் எழுதியது:

மலிவான ஆயில் ஊற்றியிருப்பார்கள், வேறென்ன. என்னுடையது 1.3 டீசல், 2,10,000 ஓடிவிட்டது. 10,000-க்கு ஒருமுறைதான் மாற்றுகிறேன். போன மாதம் டேப்பட் கவர் கேஸ்கட் மாற்றும்போது உள்ளே பார்த்தேன். லேசான பழுப்பு நிறம் மட்டும்தான், படிவு எதுவும் இல்லை. நல்ல கம்பெனியின் முழு சிந்தெடிக் ஆயிலாக வாங்கி ஊற்றுங்கள் ப்ரோ, எல்லாம் சரியாகிவிடும்.


பழைய டிப்போ எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று. அந்த வண்டியை இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள். பட்டறைக்குக் கொண்டுபோவதானாலும் கயிறு கட்டி இழுத்துத்தான் போகவேண்டும்.

நிறையப் பேர் அந்தச் சிவப்பு விளக்கை ஆயில் அளவைக் காட்டும் விளக்கு என்று நினைக்கிறார்கள். அது அழுத்தத்தைக் காட்டுவது. சேம்பரில், அதாவது இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டியில், ஆயில் ததும்ப ததும்ப இருந்தாலும், அதை உறிஞ்சும் வாயில் அடைப்பு இருந்தால் மேலே ஏறாது. ஐடிலில் விளக்கு எரிந்து, ரேஸ் செய்தால் அணைகிறது என்றால் பேரிங்குகளுக்குப் போகும் ஆயில் விளிம்பில் நிற்கிறது என்று அர்த்தம். இப்போதே நிறுத்திவிட்டால் சில ஆயிரத்தோடு போகும். நாளைக்கும் ஓட்டினால் கிராங்க் ஷாஃப்டில் கீறல் விழும், அப்போது அந்த 45,000-மே போதாது.

நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாசனை வருகிறதா? இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் தொட்டியில் அளவு குறைந்துகொண்டே வருகிறதா? காலையில் ஸ்டார்ட் செய்ததும், இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று காட்ட எரியும் நீல விளக்கு எவ்வளவு நேரத்தில் அணைகிறது? எப்போதாவது வண்டி சூடு ஏறி எங்காவது வேலை பார்த்தீர்களா?


எஜிபுரா வாசி எழுதியது:

நன்றி ஐயா. வண்டியை நிறுத்திவிட்டேன், பள்ளிக்கு ஆட்டோவில் போகிறோம்.

முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல் வாசனை நன்றாகவே வருகிறது. கூலன்ட் குறையவில்லை. நீல விளக்கைப் பற்றி இதுவரை யோசித்ததே இல்லை. நினைத்துப் பார்த்தால், அலுவலகப் பார்க்கிங்குக்குள் நுழையும்போதுதான் அணையும். குளிர்கால மாதங்களில் சில நாள் அணைவதே இல்லை.

2019 மே மாதம் சேலத்திலிருந்து திரும்பி வரும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் சூடு ஏறி நின்றுவிட்டது. வழியில் ஒரு பட்டறையில் காட்டினோம். "உள்ளே ஒரு வால்வு அடைக்குது, எடுத்துட்டேன். இனிமே இந்த வண்டி சூடே ஆகாது" என்று சொல்லி 300 ரூபாய் வாங்கினார். உண்மையிலேயே அதன்பிறகு சூடு ஆனதில்லை. அதனால் மறந்தே போய்விட்டேன்.


பழைய டிப்போ எழுதியது:

அதைத்தான் தேடினேன். அவர் எடுத்தது தெர்மோஸ்டாட்.

இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் கதவு அது. ரேடியேட்டர் தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டி நன்றாகச் சூடாகும் வரை மூடியே இருக்கும். அதனால்தான் இன்ஜின் சில நிமிடங்களில் வேலைச் சூட்டுக்கு வருகிறது. கதவையே பிடுங்கிவிட்டால், ஸ்டார்ட் செய்த நொடியிலிருந்து தண்ணீர் ரேடியேட்டரில் ஆறிக்கொண்டே இருக்கும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். டிசம்பர் காலையில் 15 டிகிரி இருக்கும்போது ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் அந்த இன்ஜின் சூடாகவே ஆகியிருக்காது.

அம்பாசடர் காலத்தில் மேட்டில் சூடு ஏறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போவது எல்லாப் பட்டறையிலும் வழக்கம். நானும் செய்திருக்கிறேன். கார்புரேட்டர் வண்டியில் அதன் கேடு உடனே தெரியாது. இப்போதைய வண்டியில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று சென்சார் சொன்னால் அது பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும், அதுதான் அதன் கணக்கு. உங்கள் வண்டியில் ஆறு வருடமாகத் தினமும், போகும் வழி முழுக்க அது கூட்டிக் கொடுத்திருக்கிறது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி நின்றதே, அதில் ஒரு பகுதி பெட்ரோல்.

அடுத்தது தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். காலையில் சைலன்சர் நுனியில் சொட்டுவது அதுதான். பெரும்பகுதி அந்த வழியாகவே போய்விடும். கொஞ்சம் மட்டும் எரிந்த புகையோடு சேர்ந்து பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே சேம்பருக்குள் கசியும். எல்லா இன்ஜினிலும் கசியும், புது இன்ஜினிலும்கூட. ஆயில் 90, 100 டிகிரியைத் தொட்டு அரை மணி நேரம் ஓடினால் அந்தத் தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகி, பிசிவி வால்வு வழியாக மறுபடி இன்ஜினுக்குள் போய் எரிந்துவிடும். உங்கள் ஆயிலுக்கு அந்தச் சூடே கிடைக்கவில்லை. ரேடியேட்டர் தண்ணீர் சூடான பிறகுதான் ஆயில் சூடாகும், அது இன்னும் மெதுவாக. ஆக தண்ணீர், பெட்ரோல், கரி, அமிலம் எல்லாம் அதே மூன்றரை லிட்டர் ஆயிலில் இரண்டிரண்டு வருடமாக ஊறியிருக்கின்றன.

தொப்பூரில் அந்த மெக்கானிக் செய்ததை முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். தெர்மோஸ்டாட் மூடியபடியே மாட்டிக்கொண்டிருந்தால், நடுவழியில் அதை எடுத்துத்தான் குடும்பத்தை ஊர் சேர்க்க முடியும். ஆனால், "ஊருக்குப் போனதும் புதிது போட்டுவிடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அதன் பிறகு பார்த்த சர்வீஸ்காரர்களும் கவனித்திருக்க வேண்டும். ஒரு பாகம் குறைகிறது என்று மூன்று சர்வீஸில் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.


கேஆர்புரம் எழுதியது:

கிலோமீட்டர் கணக்கே நம் ஊருக்குப் பொருந்தாது என்று எனக்குத் தோன்றுகிறது. போக்குவரத்து நெரிசலை அளக்கும் டாம்டாம் நிறுவனத்தின் 2022-க்கான கணக்கில், பெங்களூர் நகர மையத்தில் 10 கிலோமீட்டர் கடக்க சராசரியாக 29 நிமிடம் 10 விநாடி ஆனது. அந்த வேகத்தில் 10,000 கிலோமீட்டர் ஓட 486 மணி நேரம் ஆகும். நெடுஞ்சாலையில் 80-ல் போனால் அதே 10,000-க்கு 125 மணி நேரம் போதும். மீட்டரில் இரண்டும் ஒரே எண்தான். ஆனால் நகரத்து இன்ஜின் கிட்டத்தட்ட நான்கு மடங்கு நேரம் ஓடியிருக்கிறது.

ஓசூர்க்காரர் வண்டி சுத்தமாக இருப்பதற்கு ஆயில் கம்பெனியைவிட அவர் போகும் சாலைதான் காரணம்.


ஓசூர் டீசல் எழுதியது:

இது உண்மைதான். ஓசூரிலிருந்து பொம்மனஹள்ளி, ஒரு வழிக்கு 30 கிலோமீட்டர். அத்திப்பள்ளி டோல், அப்புறம் மேம்பாலம். தினமும் இன்ஜின் முழுச் சூட்டில் முக்கால் மணி நேரமாவது ஓடுகிறது. நான் இதை இப்படி யோசித்ததில்லை. ஆயிலால்தான் என்று இத்தனை நாள் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். திருத்திக்கொள்கிறேன்.


ஆயில் லேப் எழுதியது:

பன்னிரண்டு வருடமாக மசகு எண்ணெய் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். டிப்போ ஐயா இன்ஜின் பக்கத்தைச் சொல்லிவிட்டார், நான் ஆயில் பக்கத்தைச் சொல்கிறேன்.

டப்பாவில் இருப்பது முழுவதும் எண்ணெய் இல்லை. நூற்றுக்கு 75 முதல் 90 பங்கு அடிப்படை எண்ணெய், மீதி சேர்க்கைகள். கசடு விஷயத்தில் அவற்றில் இரண்டு முக்கியம். டிஸ்பர்சன்ட் என்பது ஒவ்வொரு கரித்துகளையும் தனித்தனியாகச் சுற்றிப் பிடித்து, ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் மிதக்க வைக்கும். டிடர்ஜென்ட் என்பது கால்சியம், மெக்னீசியம் சேர்ந்த காரப் பொருள். அமிலத்தை முறிக்கும், சூடான பாகங்களில் படிவு ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். ஆயில் கறுப்பாகிவிட்டதே என்று பலர் பயப்படுகிறார்கள். அழுக்கை அது தன்னோடு சுமந்துகொண்டிருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள், அதிலும் டீசல் வண்டியில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். பயப்பட வேண்டியது இந்தச் சேர்க்கைகள் தீர்ந்துபோகும்போதுதான். சுமக்க ஆள் இல்லாமல் துகள்கள் ஒன்றுசேர்ந்து, முதலில் ஆயில் ஓட்டம் குறைந்த மூலைகளில் படியும். அதுதான் உங்கள் டேப்பட் கவரில் பார்த்தது.

குளிரில் மட்டும் கசடு வராது, சூட்டிலும் வரும். ஆயில் காற்றோடு சேர்ந்து ஆக்சிஜனேற்றம் அடையும் வேகம் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஏப்ரல் மதியம் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஏசி போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் நிற்கும் டர்போ வண்டிக்கு இந்த வழியில் ஆபத்து. எஜிபுரா நண்பருக்கு வந்தது மற்ற வழி. நம் ஊரில் இரண்டு வழியும் திறந்தே இருக்கிறது.

எத்தனாலையும் சொல்லவேண்டும். 2023 பிப்ரவரி 6-ம் தேதி 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் விற்பனையைத் தொடங்கி வைத்தது இதே பெங்களூரில்தான். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். சூடான இன்ஜினில் பிரச்சினை இல்லை, 78 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். சூடே ஏறாத இன்ஜினில் ஆயிலுக்குள்ளேயே தங்கி, தண்ணீரோடு சேர்ந்து மோர் மாதிரிக் கலங்கலை உண்டாக்கும். ஆயில் மூடியின் அடியில் வெள்ளையாகக் களிம்பு தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த ஈரத்தைத்தான். கூடவே கூலன்டும் குறைந்தால் மட்டும், இன்ஜின் தலைக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட்டைப் பாருங்கள். கூலன்ட் ஆயிலில் கலந்தால் கசடு மிக வேகமாக வரும், அதைத் தள்ளிப்போடவே கூடாது.

இனி எந்த ஆயில் ஊற்றுவது என்பதைச் சொல்கிறேன். கையேட்டில் என்ன கிரேடு போட்டிருக்கிறதோ அதுதான். 5டபிள்யூ-30 என்றால், அந்த 30 என்பது 100 டிகிரியில் ஆயிலின் பிசுப்பு 9.3-க்கும் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்கும் இடையில் இருக்கும் என்பதைக் குறிக்கிறது. முன்னால் வரும் 5டபிள்யூ குளிரில் எவ்வளவு இளகி ஓடும் என்பதற்கு. பெங்களூரில் பனி இல்லையே, டபிள்யூ எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 15 டிகிரியிலும் 20டபிள்யூ ஆயில் 5டபிள்யூ-வைவிடக் கெட்டியாகத்தான் இருக்கும், கேம் ஷாஃப்ட் வரை ஏற அதிக நேரம் எடுக்கும்.

கடையில் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். பெட்ரோல் வண்டி என்றால் ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்) எஸ்பி என்று இருக்கவேண்டும். 2020 மே மாதம் வந்த தரம் அது, பழைய எஸ்என் தரம் கேட்ட வண்டிகளுக்கும் பொருந்தும். 2025-ல் அதற்கு அடுத்த எஸ்க்யூ-வும் வந்துவிட்டது. முன்பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் சிந்தெடிக் என்ற சொல்லைவிட இந்தச் சின்ன எழுத்து எனக்கு முக்கியம். பிஎஸ்6 புகை விதிப்படி வந்த டீசல் வண்டியில், புகையின் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருந்தால் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். அதையும் பின்பக்கத்தில்தான் தேடவேண்டும்.


மடிவாளா மாறன் எழுதியது:

இவ்வளவு யோசிக்க வேண்டாம் அண்ணா. ஆயிலை இறக்கிவிட்டு மூன்று லிட்டர் டீசல் ஊற்றி, பத்து நிமிடம் ஐடிலில் விட்டு வடித்துவிடுங்கள். அப்புறம் 20டபிள்யூ-50 ஊற்றுங்கள், விளக்கு எரியாது. எங்கள் தெருவில் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள்.


பழைய டிப்போ எழுதியது:

மாறன் தம்பி, நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனாலும் இதை யாரும் செய்துவிடக் கூடாது என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

என் பக்கத்து வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுபவர். இதேபோல் கசடு பிடித்த இன்ஜினில் டீசல் ஊற்றி ஓடவிட்டார்கள். வடித்தபோது கருப்பாக நிறைய வந்தது, எல்லோருக்கும் திருப்தி. நான்காம் நாள் அடியிலிருந்து டக் டக் என்று சத்தம் கேட்டது. சேம்பரைக் கழற்றும்போது நான் பக்கத்தில் இருந்தேன். ஸ்ட்ரெய்னர் என்பது ஆயில் பம்ப் உறிஞ்சும் வாயில் இருக்கும் கம்பி வலை, ஒரு பிஸ்கட் அளவுதான் இருக்கும். மேலிருந்து டீசல் பெயர்த்துக் கொண்டுவந்த கட்டிகள் அத்தனையும் அந்த வலையில் போய் அப்பியிருந்தன. கனெக்டிங் ராடு பேரிங் இரண்டு, செம்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தன. படிந்த கசடு படிந்த இடத்தில் இருந்தவரை அவ்வளவு கெடுதல் செய்யவில்லை. பெயர்ந்து வந்ததுதான் இன்ஜினைக் கொன்றது. தவிர, டீசலுக்கு ஆயிலின் வழவழப்பு கிடையாது. அந்தப் பத்து நிமிடமும் பேரிங்குகள் ஏறக்குறைய வெறுமையாகத்தான் சுற்றியிருக்கும்.

கெட்டியான ஆயில் ஊற்றினால் விளக்கு அணையலாம், அது வேறு. அடைத்த வலை வழியே கெட்டி ஆயில் இன்னும் குறைவாகத்தான் போகும். அந்த வண்டியில் இருக்கும் ஒரே எச்சரிக்கையையும் வாயடைத்ததாக ஆகிவிடும்.

எஜிபுரா தம்பி, சேம்பரைக் கீழே இறக்குங்கள், இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. ஸ்ட்ரெய்னரைக் கழற்றிக் கழுவவேண்டும். மேலே டேப்பட் கவருக்குள் மரக்குச்சியாலும் துணியாலும் பொறுமையாக வழித்தெடுக்கச் சொல்லுங்கள். ஆயில் திரும்பி இறங்கும் ஓட்டைகளைத் துணியால் அடைத்துக்கொண்டு செய்யவேண்டும், இல்லாவிட்டால் அத்தனையும் கீழே போகும். பிசிவி வால்வைக் கழற்றிக் காதருகில் ஆட்டிப் பாருங்கள், கலகலவென்று சத்தம் வரவேண்டும். வராவிட்டால் புதிது. தெர்மோஸ்டாட் புதிது. வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தால் வடித்துவிட்டு சரியான கூலன்ட். பிறகு கையேடு சொன்ன ஆயிலை ஊற்றி, 1,000 கிலோமீட்டரில் ஃபில்டரோடு மாற்றுங்கள், மறுபடி 2,500-ல். மிச்சக் கசடை ஆயிலே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு வரட்டும். பல வருடத்தில் படிந்ததை ஒரு மதியத்தில் எடுக்க நினைக்கக் கூடாது.


மடிவாளா மாறன் எழுதியது:

சரி ஐயா. ஸ்ட்ரெய்னர் பற்றி எனக்குத் தெரியாது. என் மாமா வண்டிக்கு அடுத்த வாரம் டீசல் ஊற்றுவதாக இருந்தோம், நிறுத்தச் சொல்லிவிட்டேன்.


ஃப்ரேசர் டவுன் எழுதியது:

இந்தப் பிரச்சினை நம் சாலைக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் 1997 முதல் 2002 வரை வந்த டொயோட்டாவின் 3.0 லிட்டர் வி6, 2.2 லிட்டர் இன்ஜின்களில் கசடுப் புகார்கள் குவிந்தன. ஏறக்குறைய 33 லட்சம் வண்டிகள் சம்பந்தப்பட்ட விஷயம். ஆயில் சரியாக மாற்றாததே காரணம் என்று நிறுவனம் சொன்னது, ஒழுங்காகத்தான் மாற்றினோம் என்று உரிமையாளர்கள் சொன்னார்கள். 2002-ல், விற்ற நாளிலிருந்து எட்டு வருடம் வரை பழுது பார்த்துத் தருவதாக நிறுவனம் அறிவித்தது. வழக்கும் நடந்து 2007-ல் சமரசத்தில் முடிந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆயில் மாற்றிய ரசீதை யாரும் தூக்கி எறியாதீர்கள். வாரண்டி உள்ள வண்டி என்றால், தேதியும் மீட்டர் அளவும் உள்ள ரசீதுதான் உங்கள் பக்கம் பேசும். வெளிப் பட்டறையில் மாற்றினாலும் பில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, கையேட்டில் சர்வீஸ் அட்டவணைக்கு அடுத்த பக்கத்தைப் பாருங்கள். கடினமான சூழல் என்று தனியாக ஒரு பட்டியல் பெரும்பாலான கையேடுகளில் உண்டு: குறுகிய தூரம், நின்று நின்று போகும் நெரிசல், தூசி, நீண்ட ஐடில். என் வண்டிக் கையேட்டில் அதற்கு ஆயில் இடைவெளி பாதி. அந்தப் பட்டியலைப் படித்தால் பெங்களூரை எதிரில் வைத்துக்கொண்டே எழுதியது போல இருக்கும்.


ஜேசி ரோடு எழுதியது:

ஸ்பேர்ஸ் கடையில் இருக்கிறேன். ஒரு வேண்டுகோள் மட்டும். காலி ஆயில் டப்பாவை அப்படியே பழைய சாமான்காரரிடம் போடாதீர்கள். அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, லேபிளைக் கத்தியால் கீறிவிட்டுப் போடுங்கள். போலி ஆயில் நிரப்புகிறவர்களுக்கு நல்ல நிலையில் உள்ள அசல் டப்பாதான் தேவை. வாங்கும்போது மூடியின் வளையம் உடையாமல் இருக்கிறதா, அடியில் அச்சிட்ட தேதி அழித்து எழுதியது போல இருக்கிறதா என்று பாருங்கள். அச்சிட்ட விலையில் பாதிக்குக் கொடுத்தால், அது எந்தக் கடையாக இருந்தாலும் வாங்காதீர்கள், எங்கள் சாலையில் இருந்தாலும்.


எஜிபுரா வாசி எழுதியது:

சனிக்கிழமை வேலை முடிந்தது. காலை ஒன்பதரை மணியிலிருந்து மாலை வரை பட்டறையிலேயே நின்றேன்.

சேம்பரைக் கழற்றியதும் மெக்கானிக் ஒன்றும் பேசாமல் ஸ்ட்ரெய்னரை என்னிடம் நீட்டினார். வலையில் முக்கால் பங்கு மூடியிருந்தது, ஓர் ஓரத்தில் மட்டும் நகம் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. அந்த இடுக்கு வழியாகத்தான் இத்தனை நாள் இன்ஜின் மூச்சு விட்டிருக்கிறது. பேரிங் மூடி ஒன்றைத் திறந்து பார்த்தார், தேய்மானம் இருந்தாலும் கீறல் இல்லை. பிசிவி வால்வை ஆட்டினேன், சத்தமே வரவில்லை, இறுகிப் போயிருந்தது. தெர்மோஸ்டாட் இருக்கவேண்டிய இடம் நீங்கள் சொன்னபடியே காலி.

கேம் ஷாஃப்ட் பக்கம் சுத்தம் செய்ய மட்டும் மூன்று மணி நேரம் ஆனது. பாகங்கள், கூலன்ட், ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து 11,400 ரூபாய். கேஜ் மாட்டி அழுத்தம் பார்த்தோம். நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் 1.1 பார், 3,000 சுற்றில் 3.3. போதும் என்றார்.

ஆயில் லேப் மேடம், இனி ஆயில் எப்போது கெட்டது என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள ஏதாவது வழி உண்டா?


ஆயில் லேப் எழுதியது:

ஆய்வகச் சோதனைக்கு இணை கிடையாது, ஆனால் ஒரு நல்ல அறிகுறி உண்டு. காபி வடிகட்டும் வெள்ளைத் தாள் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பளபளப்பில்லாத கெட்டித் தாள். இன்ஜின் சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டு, டிப்ஸ்டிக் நுனியிலிருந்து ஒரே ஒரு சொட்டு வைத்து, தாள் எதன்மேலும் படாமல் டம்ளர் வாயில் கிடத்தி ஒரு நாள் விடுங்கள்.

கருப்பு நடுவிலிருந்து ஓரம் வரை படிப்படியாக மங்கிப் பரவியிருந்தால் டிஸ்பர்சன்ட் இன்னும் வேலை செய்கிறது. நடுவில் கருப்பாகத் திட்டு நின்று, சுற்றி சட்டென்று வெளிறிப் போனால் அது துகள்களைச் சுமக்க முடியாமல் கீழே போட்டுவிட்டது, மாற்றிவிடுங்கள். ஓரம் சீராக இல்லாமல் பல் பல்லாகத் தெரிந்தால் தண்ணீர் இருக்கலாம். ஒவ்வொரு தாளிலும் தேதியும் மீட்டரும் எழுதி வைத்து ஒப்பிட்டால் நன்றாகப் புரியும்.

உங்கள் ஓட்டத்துக்கு கிலோமீட்டரை மறந்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் நிற்காமல் ஓடும் சாலைக்கு வண்டியைக் கொண்டுபோங்கள்.


எஜிபுரா வாசி எழுதியது:

மூன்று மாதம் ஆகிவிட்டது, நிலவரம் சொல்லிவிடுகிறேன்.

1,000-ல் இறக்கிய ஆயில் தார் போல வந்தது, அடியில் மணல் மணலாகக் கொஞ்சம். பழைய ஃபில்டரை அறுத்துப் பார்த்தோம், மடிப்புகளுக்குள் அதே கருப்புப் பொடி, உலோகத் துகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் தேவனஹள்ளி வரை போய் வருகிறோம். அதனால் 2,500-ம் வந்துவிட்டது. நேற்று இறக்கிய ஆயில் கருப்புதான், ஆனால் இளகி ஓடியது, விரலில் தேய்த்தால் நெருடவில்லை. சிவப்பு விளக்கு அன்றைக்குப் பிறகு எரியவே இல்லை. பெட்ரோலும் முன்பைவிடக் குறைவாகச் செலவாகிறது.

நீல விளக்கு இப்போது விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்துக்கு முன்னாலேயே அணைந்துவிடுகிறது. மகள் பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே வருவாள். "அப்பா, போயிடுச்சு" என்று தினமும் அவள்தான் சொல்கிறாள்.

முதல் சொட்டுத் தாளையும் இரண்டாவதையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். முதலாவதில் நடுவில் திட்டு, இரண்டாவதில் ஓரம் வரை சாம்பல் நிறம். அடுத்த மாற்றம் ஆறு மாதம் கழித்து. டிப்போ ஐயா, அதற்கு முன்னால் ஏதாவது பார்க்க வேண்டுமா?


பழைய டிப்போ எழுதியது:

டேப்பட் கவரை இன்னொருமுறை கழற்ற வேண்டாம் தம்பி. ஆயில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள், அதுவே போதும். டிரெயின் போல்ட்டை மூன்று மாதத்துக்குள் மூன்று முறை கழற்றியிருக்கிறீர்கள். அடுத்த முறை புது வாஷர் போடச் சொல்லுங்கள்.